கொம்பையாவின் பத்துப் பாத்திரங்கள்

முதலில் ஒரு விடுகதை.

அதற்குக் கதவு கிடையாது, பூட்டு கிடையாது. இருபத்து நாலு மணி நேரமும் திறந்தே இருக்கும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். ஆனால் ஒருவரும் வருவதில்லை.

அது என்ன?

தெரிந்தவர்கள் விடையை மனத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கொம்பையாவுக்கு விடை தெரியும். அது அவருடைய இணையக் கடை.

பாளையங்கோட்டையில் அவருக்குத் தெருவோரமாக ஒரு பாத்திரக்கடையும் இருந்தது. தெருவை அகலப்படுத்தப் போகிறார்கள். கடைச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டாயிற்று. தை பிறந்தால் கடை இருக்காது. அதன் பிறகு, பின்கட்டில் கைப்பிடி பொருத்தும் மூன்று பேருக்கும் வேலை வேண்டுமென்றால் இணையக் கடை நடக்க வேண்டும்.

அதைத் திறந்து நாற்பது நாளாகிவிட்டது.

கொம்பையா மரியபுஷ்பத்தைத் தேடிப் போனார்.

மரியபுஷ்பம் அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். பஸ் நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தவர். இப்போது இணையக் கடைக்காரர்களுக்கு வழி சொல்கிறார். அவர் சரி என்று சொன்ன இணையப் பக்கம், தேடுகிறவர்கள் கண்ணில் முதலில் படும் என்று ஊரில் பேச்சு.

"கடை யார் கண்ணுக்கும் தெரியலைம்மா," என்றார் கொம்பையா.

தேடிக் காட்டச் சொன்னார் மரியபுஷ்பம்.

கொம்பையா போனை எடுத்து, 'கொம்பையா பாத்திரக்கடை' என்று எழுதினார். கடை முதலாவதாக வந்து நின்றது.

"இங்க தெரியுது," என்றார் கொம்பையா. அவருக்கே குழப்பமாக இருந்தது.

"உங்க பேரு தெரிஞ்சவங்களுக்கு உங்க தெருவும் தெரியும், அண்ணாச்சி. தெரியாதவங்க என்னன்னு தேடுவாங்க?"

கொம்பையா போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"நாளைக்குக் கடையில இருந்து பத்துப் பாத்திரம் கொண்டு வாங்க."

மறுநாள் அவர் ஒரு சாக்கில் கொண்டு வந்தார். மரியபுஷ்பம் பத்தையும் தரையில் வரிசையாக வைத்தார். பிறகு தன் மகள் எஸ்தரைக் கூப்பிட்டார்.

எஸ்தருக்கு ஆறு வயது. விளையாட்டு இதுதான் என்று அம்மா அவளுக்கு விளக்கினார். மாமா தன் கடைப் பக்கத்தைப் படிப்பார். அதைக் கேட்டுவிட்டு, அவர் சொல்லும் பாத்திரத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

கொம்பையா தொண்டையைச் செருமிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவர் அவர். பக்கங்களை எல்லாம் அவரே எழுதியிருந்தார்.

"மூடியுடன் கூடிய, துருப்பிடிக்காத, உயர்தர எஃகுக் கொள்கலன்."

எஸ்தர் வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தாள். திரும்பி வந்தாள். பத்தும் எஃகு. ஆறுக்கு மூடி இருந்தது.

"எது மாமா?" என்று கேட்டாள்.

"பிள்ளைக்குத் தமிழ் போதலை," என்றார் கொம்பையா.

"வாங்குறவங்களுக்கும் இவ்வளவு தமிழ் போதாது," என்றார் மரியபுஷ்பம். அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான்.

கொம்பையாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் 'எது மாமா' என்பது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவருடைய மருமகன் செல்போன் கடை வைத்திருக்கிறான். அவனிடம் கேட்டார். தேடிக் கொடுப்பது மனுஷன் இல்லை, மெஷின்; அதற்கு வார்த்தைதான் தீனி; அள்ளி அள்ளிப் போடுங்கள் என்றான் அவன்.

கொம்பையா அள்ளிப் போட்டார்.

ஒரு வாரம் கழித்து வந்து, தரையில் பாத்திரங்களைத் தானே பரப்பிவிட்டுப் படித்தார்.

"தூக்குவாளி, தூக்குச்சட்டி, டிபன் பாக்ஸ், குடம், சிறந்த குடம், மிகச் சிறந்த தூக்குவாளி, கல்யாணச் சீர்ப் பாத்திரம், தீபாவளிப் பாத்திரம், மலிவு விலைக் குடம், சிறந்த டிபன் பாக்ஸ்..."

எஸ்தர் அவர் முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. ஒவ்வொரு பாத்திரமாகத் தூக்கி வந்து அவர் மடியிலும் காலடியிலும் போட்டாள். கடைசியாகக் குடத்தை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"எல்லாம் வந்துட்டு மாமா. சாக்கும் வேணுமா?"

பத்துப் பக்கத்திலும் இதையேதான் எழுதியிருக்கிறாரா என்று மரியபுஷ்பம் கேட்டார். ஆமாம், எழுதினதை ஏன் வீணாக்க வேண்டும் என்று பத்திலும் ஒட்டிவிட்டதாகக் கொம்பையா சொன்னார்.

மரியபுஷ்பம் அவர் மடியிலிருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். வைத்துக்கொண்டே, பஸ் நிலையத்தில் நடந்த ஒன்றைச் சொன்னார். புதிதாக வந்த டிரைவர் ஒருவர், கூட்டம் ஏறட்டும் என்று பஸ்ஸின் முன் கண்ணாடியில் ஒன்பது ஊர்ப் பலகையை மாட்டி வைத்தாராம்.

"ஏறினாங்களா?"

"எல்லாரும் என் ஜன்னலுக்கு வந்து, இந்த பஸ் எங்க போகுதுன்னு கேட்டாங்க."

கொம்பையாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, வெறும் சாக்கைப் பார்த்தார்.

"சரி. நான் என்னதாம்மா எழுதணும்?"

"இப்போ எழுத வேண்டாம். மூணு நாள் உங்க கல்லாவுல உட்காருங்க. வாரவங்க கையை நீட்டிக் காட்டுறதுக்கு முன்னால வாயால என்ன சொல்லுதாங்க, அதை மட்டும் ஒரு நோட்டுல குறிச்சுக்கோங்க." ஒரு நொடி நிறுத்தினார். "திருத்தாதீங்க."

அந்தக் கடைசிச் சொல் கொம்பையாவுக்குச் சுருக்கென்றது. திருத்துவது அவர் பழக்கம். யாராவது 'தூக்குப்போசி' என்று கேட்டால், 'அது தூக்குவாளி' என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்துக் கொடுப்பார். முப்பது வருஷமாக அப்படித்தான்.

முதல் நாள் காலையில் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மாள் படியேறினார்.

"ஏனுங்க, தூக்குப்போசி இருக்குதுங்களா?"

கொம்பையா வாயைத் திறந்தார். மூடினார். நோட்டை எடுத்து எழுதினார்.

மத்தியானம் ஒருவர், சாம்பார் கொட்டாமல் பள்ளிக்கூடம் போய்ச் சேருகிற மாதிரி ஒன்று கேட்டார். பெயர் எதுவும் சொல்லவில்லை. கொம்பையா அதையும் எழுதினார். இன்னொருவர், இட்லி மாவு இரண்டு நாளைக்கு வைக்க என்றார். மாவு பொங்கினால் வழியக் கூடாது என்றும் சொன்னார். அதுவும் நோட்டுக்குப் போனது.

மூன்றாம் நாள் மாலை, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்த ஒரு பெண், அவர் கடைத் தூக்குவாளிதான் வேண்டும் என்று கேட்டாள். ஏன் என்று கொம்பையா விசாரித்தார். அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அன்று கடை மூடும்போது நோட்டில் பதினேழு பக்கம் நிரம்பியிருந்தது. முப்பது வருஷமாக இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதானே இருந்தோம் என்று தோன்றியது அவருக்கு.

அடுத்த வாரம் அவர் மரியபுஷ்பத்தின் வீட்டுக்கு வந்தபோது நடை வேறு மாதிரி இருந்தது. பத்துப் பாத்திரத்துக்கும் பத்துப் பக்கம், ஒவ்வொன்றும் வேறு வேறு. பக்கங்களில் வெறும் எண்ணே பெயராக இருந்த படங்களுக்குக்கூட அந்தந்தப் பாத்திரத்தின் பெயரை வைத்திருந்தார்.

"கூப்பிடுங்க உங்க பரீட்சை அதிகாரியை," என்றார்.

எஸ்தர் வந்தாள்.

"இட்லி மாவு வைக்கும் சம்படம். நாலு பேருக்கு, இரண்டு நாளைக்கு. பாதிக்கு மேல் ஊற்றாவிட்டால் மாவு பொங்கினாலும் வழியாது."

எஸ்தர் போய் எடுத்து வந்தாள். சரிதான்.

"பள்ளிக்கூட டிபன் பாக்ஸ். சாம்பாருக்குத் தனிக் கிண்ணம். மூடியில் கிளிப் உண்டு."

அதையும் எடுத்து வந்தாள். ஏழு பக்கம் படித்தார். ஏழும் சரியாக வந்தன. கொம்பையா மீசையைத் தடவிக்கொண்டார்.

எட்டாவது தூக்குவாளி. அவர் படிக்கத் தொடங்கும்முன் மரியபுஷ்பம் எழுந்து சமையலறைக்குப் போனார். வேறு கடையில் வாங்கிய தன் தூக்குவாளியைக் கொண்டு வந்து கொம்பையாவின் தூக்குவாளிக்குப் பக்கத்தில் வைத்தார்.

அதே உயரம். அதே அகலம். மரியபுஷ்பத்தினுடையது இன்னும் கொஞ்சம் பளபளப்பு.

"இது எங்க கடைச் சரக்கு இல்லையேம்மா."

"தேடுறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் வந்து நிக்கும், அண்ணாச்சி. படிங்க."

கொம்பையா படித்தார். "தூக்குவாளி. கோயம்புத்தூர்ப் பக்கம் தூக்குப்போசி என்பார்கள். ஒன்றரை லிட்டர் பிடிக்கும். இரண்டு பேருக்குக் கஞ்சி கொண்டு போகலாம்."

எஸ்தர் இரண்டு தூக்குவாளிக்கும் நடுவில் நின்றாள். இதைப் பார்த்தாள். அதைப் பார்த்தாள். கொம்பையாவைப் பார்த்தாள்.

பக்கம் முடிந்துவிட்டது.

கொம்பையா தன் தூக்குவாளியையே பார்த்தார். அதன் கைப்பிடியின் இரண்டு காதிலும், பின்கட்டில் அந்த மூன்று பேர் மாட்டும் சின்ன ரப்பர் வளையம் இருந்தது. இதையெல்லாம் போய் எழுதுவார்களா என்று விட்டுவிட்டிருந்தார்.

சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெண் சொன்னதை அப்படியே படித்தார்.

"கைப்பிடியைக் கீழே விட்டா சத்தம் வராது. தூங்குற நோயாளி முழிக்க மாட்டாங்க."

எஸ்தர் குனிந்தாள். முதல் தூக்குவாளியின் கைப்பிடியைத் தூக்கி, கீழே விட்டாள். 'டங்' என்றது.

இரண்டாவதன் கைப்பிடியைத் தூக்கி, கீழே விட்டாள்.

பிறகு இரண்டாவதை எடுத்துக் கொண்டுபோய்க் கொம்பையாவிடம் கொடுத்தாள்.