இருநூற்றுப் பன்னிரண்டு கீறல்கள்

விரால் மீன் குளத்தின் கடைசிப் பள்ளத்தில் கிடந்தது. மற்ற இடமெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது. ஒரு எருமை இறங்கிப் படுத்தால் பள்ளத்தில் இருந்த தண்ணீர் வெளியே வழிந்துவிடும், அவ்வளவுதான். அதில் விராலும் அதன் முந்நூறு குஞ்சுகளும் இருந்தன. குஞ்சுகள் சிவப்பாக, ஒரே கொத்தாகத் தாயின் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தன.

புரட்டாசி முடியும் சமயம். மழை வரத்தான் போகிறது. ஆனால் மழை வந்தால் மட்டும் குளம் நிரம்பாது. மலை ஓடையிலிருந்து குளத்துக்கு ஒரு வாய்க்கால் உண்டு. போன வருஷத்து வெள்ளம் அதன் வாயில் மண்ணையும் கல்லையும் தள்ளி அடைத்துவிட்டுப் போயிருந்தது. அதை எடுக்காவிட்டால் ஓடைத் தண்ணீர் முழுவதும் பக்கத்துப் பாறைச் சரிவில் இறங்கிக் காட்டை விட்டே போய்விடும்.

மண் எடுப்பது அந்தக் காட்டில் வருஷா வருஷம் நடப்பதுதான். தோண்டத் தெரிந்த மிருகங்கள் எல்லாம் ஒரு காலையில் கூடித் தோண்டும். அவற்றைக் கூட்டிச் சேர்ப்பது ஆள்காட்டிக் குருவியின் பொறுப்பு. அது தன் மஞ்சள் கால்களால் வளை வளையாக நடந்துபோய் மூன்று கேள்விகள் கேட்கும். வருகிறாயா? எந்த இடத்தில் தோண்டுவாய்? பக்கத்தில் யார் நின்றால் சண்டை போடமாட்டாய்? பதில் வரும்வரை வளை வாசலை விட்டு நகராது.

இது யாருக்கும் பிடிக்கவில்லை. ஆள்காட்டியின் குரல் காதில் இறங்கினால் தூக்கம் போய்விடும். அந்தக் குரலுக்குத் தன் முள்ளே தேவலை என்று முள்ளம்பன்றி ஒருமுறை சொன்னது. உடம்பெல்லாம் செதில் மூடிய அழுங்கு, ஆள்காட்டி வருவதைக் கண்டால் உருண்டையாகச் சுருண்டு செத்ததுபோல் கிடக்கும். ஆள்காட்டி அதன் மேலேயே ஏறி நின்று கேட்கும். போன வருஷம் இப்படி எல்லோரையும் கேட்டு முடிக்கப் பதினோரு நாள் ஆனது. ஆள்காட்டிக்கும் அலுத்துவிட்டது.

இந்த வருஷம் மரங்கொத்தி ஒரு யோசனை சொன்னது.

"வளை வளையாப் போய் திட்டு வாங்கறதை விடு அக்கா. ஒரு குறி போதும்."

அது ஒரு மருத மரத்தில் இரண்டு நெட்டுக் கோடும், அவற்றை வெட்டிக்கொண்டு இரண்டு குறுக்குக் கோடும் கொத்திக் காட்டியது. பக்கத்தில் ஒரு வட்டம், அது குளம். வட்டத்துக்குக் கீழே ஒரு கறுப்புப் புள்ளி, அது அமாவாசை. அமாவாசைக் காலையில் குளத்துக்கு வருகிறவர்கள் நாலு கோட்டுக்கு அடியில் தங்கள் நகத்தால் ஒரு கீறல் போட வேண்டும். தினமும் சாயங்காலம் மரம் மரமாகப் பறந்து கீறல்களை எண்ணித் தானே வந்து சொல்வதாக மரங்கொத்தி ஒப்புக்கொண்டது. ஆள்காட்டி நடக்கவே வேண்டாம்.

ஆள்காட்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு சரி என்றது.

இரண்டே நாளில் எழுபது மரங்களில் நாலு கோடு ஏறிவிட்டது. முதல் கீறல் காட்டுப்பன்றியுடையது. அது நகத்தால் கீறவில்லை, கொம்புப் பல்லால் இழுத்தது. பட்டை கிழிந்து உள்ளே வெள்ளை தெரிந்தது. அதைப் பார்க்கவே கூட்டம் வந்தது. பார்க்க வந்தவை சும்மா போகாமல் ஆளுக்கொரு கீறல் போட்டன. எந்த மரத்தில் கீறல் அதிகம் என்று பேச்சு கிளம்பியது. தெற்குப் பக்கத்து நரிகள் தங்கள் மரத்தில் பதினைந்து என்றன. வடக்குப் பக்கத்துக் கீரிகள் உடனே போய்த் தங்கள் மரத்தைப் பதினாறாக்கின.

மூன்றாம் நாள் மரங்கொத்தி அறுபது என்றது. ஏழாம் நாள் நூற்று நாற்பது. அமாவாசைக்கு முந்தின சாயங்காலம் இருநூற்றுப் பன்னிரண்டு.

"போன வருஷம் எத்தனை பேர் அக்கா?"

"முப்பத்தொண்ணு."

மரங்கொத்தி கொண்டையை ஒருமுறை தூக்கி இறக்கியது.

ஆள்காட்டி பள்ளத்துக்குப் போய் விராலிடம் விவரம் சொன்னது. தண்ணீர் இன்னும் இரண்டு விரல் இறங்கியிருந்தது. விரால் முதுகு வெளியே தெரியக் கிடந்தது.

"யார் யார் வர்றாங்க மதினி?" என்று விரால் கேட்டது.

"இருநூறு பேருக்கு மேல."

"அது எண்ணிக்கை. நான் ஆளைக் கேட்டேன்."

அது மரங்கொத்திக்குத் தெரிந்திருக்கும் என்றது ஆள்காட்டி.

"சரி, பன்றியாவது வருதா?"

"முதல் கீறலே அதோடதுதான் மதினி. நீ நிம்மதியா இரு."

விரால் குஞ்சுகளைத் தலைக்கு அடியில் கூட்டிக்கொண்டு சேற்றோடு ஒட்டிப் படுத்தது.

அமாவாசைக் காலை விடிந்தபோது கிழக்கே மேகம் கறுத்திருந்தது. ஆள்காட்டி வாய்க்கால் வாயில் போய் நின்றது. ஒரு நண்டு ஏற்கெனவே மண்ணைக் கிள்ளிக் கிள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தது. அதற்கு மரம் ஏறிக் கீறல் போட நேரமில்லை. ஓர் ஆமை இருந்தது. கழுத்தை எவ்வளவு நீட்டியும் அதற்குக் குறி எட்டவில்லை. மெதுவாக நடக்கிறோமே என்று மூன்று நாள் முன்னதாகவே கிளம்பி வந்திருந்தது. சற்று நேரத்தில் மலையடிவாரத்திலிருந்து ஒரு முயல் மூச்சிரைக்க ஓடிவந்தது.

பிறகு யாரும் வரவில்லை.

பிறகு கொக்குகள் வந்தன.

நாற்பது கொக்குகள். சத்தமில்லாமல் இறங்கிப் பள்ளத்தைச் சுற்றி வரிசையாக நின்றன. ஆள்காட்டி கத்திக்கொண்டு பறந்தது. ஒரு பக்கம் விரட்டினால் மறுபக்கம் இறங்கின.

"இங்க உங்களுக்கு என்ன வேலை?" என்று ஆள்காட்டி கத்தியது.

மூத்த கொக்கு நிதானமாகப் பதில் சொன்னது. "கூப்பிட்டீங்க, வந்தோம். அமாவாசைக் காலையில குளத்துக்கு வாங்கன்னு மரத்துக்கு மரம் கொத்தி வச்சிருந்ததே. கீறலும் போட்டோமே, பார்க்கலையா?"

சொல்லிவிட்டுக் குனிந்தது.

மரங்கொத்தி மருத மரத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. வருகிறவர்களை எண்ணுவதற்காக வந்திருந்தது. நான்கு வரை எண்ணியிருந்தது. இப்போது காட்டுக்குள் பறந்தது.

அழுங்கைக் கூப்பிட்டது. முள்ளம்பன்றியைக் கூப்பிட்டது. பெருச்சாளிகளின் வளைகளில் தலையை விட்டுக் கூப்பிட்டது. எல்லாம் ஒரே பதிலைச் சொல்லித் திரும்பிப் படுத்தன. கடைசியாகப் பன்றியிடம் போனது. பன்றி கொடிப் புதருக்கு அடியில் சேற்றில் கிடந்தது.

"என் கீறலைப் பார்த்தியா?" என்றது பன்றி, கண்ணைத் திறக்காமல். "காட்டுலயே ஆழமானது அதுதான்."

"கீறலைப் பார்த்தேன் மாமா. ஆளைத்தான் காணோம்."

"நேத்து வர்ற வழியில மரம் மரமாப் பார்த்துக்கிட்டே வந்தேன். அத்தனையிலயும் கீறல். இத்தனை பேர் போறாங்க, என் ஒரு மூக்கு இல்லைன்னா என்ன கெட்டுப்போச்சுன்னு படுத்துட்டேன்."

"அழுங்கும் இதையேதான் சொல்லுச்சு. முள்ளம்பன்றியும் இதையேதான் சொல்லுச்சு."

பன்றி கண்ணைத் திறந்தது.

"அப்ப அங்க யார்தான் இருக்கா?"

"நண்டு ஒண்ணு. ஆமை ஒண்ணு. முயல் ஒண்ணு. ஆள்காட்டி அக்கா. அப்புறம் கொக்கு நாற்பது."

பன்றி எழுந்தது. அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்லலாம்: அதற்குமேல் அது ஒரு வார்த்தை பேசவில்லை. புதரைக் கிழித்துக்கொண்டு நேர்க்கோட்டில் ஓடியது. ஆனால் குளத்துக்கு வெகு தூரம் இருந்தது. பாதி வழியில் முதல் துளி அதன் முதுகில் விழுந்தது.

பன்றி போய்ச் சேர்ந்தபோது ஓடை பெருகி வந்துவிட்டது. தண்ணீர் அடைபட்ட வாயில் முட்டித் திரும்பிப் பாறைச் சரிவில் கொட்டிக்கொண்டிருந்தது. நண்டும் ஆமையும் முயலும் சேர்ந்து ஒரு முழ அகலத்துக்கு வழி வெட்டியிருந்தன. அந்த வழியாக ஒரு மெல்லிய ஓட்டம் குளத்துக்குள் போனது. பன்றி மூக்கைக் கொடுத்து அதைப் பெரிதாக்கியது. கற்களைப் புரட்டித் தள்ளியது. மதியத்துக்குள் வாய் முழுவதும் திறந்துவிட்டது. அதற்குள் மழை நின்றுவிட்டது. ஓடையில் வந்ததில் முக்கால் பங்கு போன இடம் தெரியவில்லை.

குளத்தில் பன்றியின் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கொக்குகள் போயிருந்தன.

மறுநாள் வெயில் அடித்தது. ஆள்காட்டி மரங்கொத்தியைக் கூட்டிக்கொண்டு மரம் மரமாகப் போனது. இந்த முறை கீறல்களை எண்ணவில்லை. ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தன. முன்பக்கம் மூன்று விரல் விழுந்த மெல்லிய கீறல்கள் கொக்குகளுடையவை. அணில் ஒன்றே ஒன்றுதான், அது ஏறி இறங்கிய பத்தொன்பது மரத்திலும் கீறி வைத்திருந்தது. ஒரு காட்டுப்பூனை குறியைக் கவனிக்காமல் அங்கே நகத்தைத் தீட்டியிருந்தது. கீரிகளின் பதினாறில் பாதி ஒரே கீரி போட்டது. மீதி இருந்தவை உண்மையாகவே வர நினைத்தவை. மற்றவற்றின் கீறல்களைப் பார்த்த பிறகு வராமல் போனவை.

முயலின் கீறல் மலையடிவாரத்தில் ஒற்றையாக நின்ற ஒரு மரத்தில் இருந்தது. அந்தப் பக்கம் வேறு மரம் கிடையாது. நீ மட்டும் எப்படி வந்தாய் என்று மரங்கொத்தி அதைக் கேட்டது.

"எங்க மரத்துல மொத்தமே ரெண்டு கீறல்தான் இருந்துச்சு," என்றது முயல். "யாருமே வரமாட்டாங்க போலிருக்கு, நாமளாவது போவோம்னு ஓடி வந்தேன்."

மரங்கொத்தி வெகுநேரம் அந்த இரண்டு கீறல்களையும் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வாரமே வேறொன்று நடந்தது. யாரோ ஒரு மரத்தில் நாலு கோடு கீறிப் பக்கத்தில் ஒரு மீன் குஞ்சு வரைந்தார்கள். செத்த குஞ்சுகளுக்காக வருத்தப்படுகிறவர்கள் கீறல் போட வேண்டுமாம். ஒரே நாளில் முந்நூறைத் தாண்டிவிட்டது என்று கீரிகள் வந்து சொல்லின. மரங்கொத்தி அதை எண்ணப் போகவில்லை.

ஆள்காட்டி குளத்துக்குப் போனது. விரால் கரையோரக் கோரைக்கு நடுவில் நின்றிருந்தது. அதன் தலைக்கு மேல் சிவப்பாகச் சில புள்ளிகள் சுற்றின.

"எத்தனை மதினி?" என்று ஆள்காட்டி கேட்டது.

"பதினொண்ணு."

"அன்னைக்கு உன்னை ஒண்ணு கேட்டேன்," என்றது விரால். "யார் யாருன்னு. இப்பவாவது சொல்லு."

"நண்டு. ஆமை. அடிவாரத்து முயல். கடைசியில பன்றி."

"நீ?"

"நானும்தான்."

"இதை அன்னைக்கே ஆளாளாக் கேட்டுச் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டுவிட்டு விரால் குஞ்சுகளோடு கோரைக்குள் திரும்பியது.

அடுத்த வருஷம் புரட்டாசியிலும் மரங்கொத்தி நாலு கோடு கொத்தியது. எந்த நாள், எந்த இடம் என்று காடு முழுவதற்கும் சொல்ல அதைவிட வேகமான வழி இல்லை. ஆனால் கீறல் போட்டவர்களின் வளைக்கு ஆள்காட்டி நடந்து போனது. வாசலில் நின்று அதே மூன்று கேள்விகளை அதே குரலில் கேட்டது. மரங்கொத்தியும் கூடவே போய், பதில் வரும்வரை வளைக்கு மேலிருந்த கிளையைக் கொத்திக்கொண்டிருந்தது. அழுங்கு சுருண்டு பார்த்தது. இரண்டும் அதன் மேல் ஏறி நின்றன. கடைசியில் தேறியவர்கள் முப்பத்தாறு பேர். அமாவாசைக் காலையில் அந்த முப்பத்தாறு பேரும் வந்தார்கள்; வெயில் ஏறுவதற்கு முன் வாய்க்கால் திறந்துவிட்டது.

வருவதாகக் குறி போட்டவர்களை எண்ணிக்கொண்டிருந்தால் மட்டும் வேலை நடக்காது. யார் வருகிறார் என்று ஆளாளாய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.