வால்டரின் தாள்

குலசிங்கம் மாஸ்டர் டொராண்டோவில் முப்பது வருடமாக ஜாஸ் சாக்ஸபோன் வாசிப்பவர். ஒரே பாட்டைக் குழுவின் எல்லா வாத்தியங்களுக்கும் பிரித்து எழுதுவதில் மன்னன். வான்கூவரிலிருந்தெல்லாம் ஆட்கள் அவரைத் தேடி வருவார்கள்.

அவர் எழுதும் தாளின் தலையில் வாத்தியத்தின் பெயர் இராது. வாசிப்பவரின் பெயர்தான் இருக்கும். வால்டர், ஜோசி, வதனி. மாஸ்டரின் கிறுக்குகளில் இதுவும் ஒன்று என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

வதனி அவருடைய சிஷ்யை. பத்து வருடமாகப் பக்கத்து நாற்காலியில் சாக்ஸபோன் வாசிக்கிறாள். மாஸ்டரின் எழுத்து கோழி கிளறியது போலிருக்கும். அதைத் துப்புரவாகப் படியெடுப்பதும் அவள்தான்.

"உங்கட எழுத்தில அப்பிடி என்ன இருக்கு, மாஸ்டர்?" என்று அடிக்கடி கேட்பாள்.

"படியெடும், தெரியும்."

மாசி மாதக் கச்சேரிக்குப் படியெடுக்கையில் வால்டரின் ட்ரம்பெட் தாளில் ஒரு பிழையைக் கண்டாள். உச்சஸ்தாயிக்கு ஏறவேண்டிய இடத்தில் சுரம் கீழே இறங்கிக் கிடந்தது. மாஸ்டருக்கும் வயதாகிறது, பாவம் என்று நினைத்து மேலே ஏற்றி எழுதினாள்.

ஒத்திகையில் அந்தச் சுரத்துக்கு ஏறிய வால்டரின் ட்ரம்பெட் ஒலி பாதியில் உடைந்தது. மறுபடி ஊதினார். மறுபடியும் உடைந்தது.

எழுபது வயது மனிதர். ட்ரம்பெட்டை மடியில் வைத்தார்.

"எனக்குப் பதிலாக வேறு ஆளைப் பாருங்கள்" என்றார்.



மாஸ்டர் எழுந்துபோய்த் தாளைப் பார்த்தார். வதனி திருத்திய இடம் தெரிந்தது. அவள் பக்கம் அவர் திரும்பவேயில்லை.

"நான்தான் பிழையாக எழுதிவிட்டேன், வால்டர். மன்னித்துவிடும்."

பென்சிலால் வெட்டிச் சுரத்தைக் கீழே இறக்கினார். வால்டர் மனமில்லாமல்தான் எடுத்து ஊதினார். தாழ்ந்த அந்தச் சுரம் நல்ல கம்பளிபோல வந்து எல்லோரையும் போர்த்தியது.

"இது உன் எழுத்து" என்று வால்டர் சிரித்தார்.

ஒத்திகை முடிந்து, மாஸ்டர் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வதனி கிட்டப் போனாள்.

"என்ர பிழை, மாஸ்டர். ஏன் நீங்கள் உங்கட பிழையெண்டு சொன்னனீங்கள்?"

"உம்மட பிழையெண்டு சொன்னா, நான் அவருக்காக இறக்கி எழுதிறது அவருக்குத் தெரிஞ்சுபோகும்."

"எப்ப தொடக்கம் இறக்கி எழுதிறியள்?"

"அவற்ர முன்பல்லு விழுந்த நாள் தொடக்கம். பல்லில்லாம உச்சத்தில ஊதேலாது."

வதனிக்குத் தன் பெயர் எழுதிய தாள்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

"மாஸ்டர், என்ர தாளில எதை இறக்கியிருக்கிறியள்?"

"இவ்வளவு காலமும் உமக்குத் தெரியேல்லையோ?"

"இல்லை."

"அப்ப நல்லாத்தான் எழுதியிருக்கிறன்" என்றார் மாஸ்டர். "ஏறும் காரில. குளிருது."