தங்கத்துக்கு மூலை கிடையாது

கேளுங்கள். மலைக்கு மலை ஓர் அரசன் இருந்த காலத்தில், கருங்குன்றம் என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டு அரசனிடம் கொற்றன் என்றொருவன் கல் சோதிக்கும் பதவியில் இருந்தான். ஒரு கல்லில் தங்கம் உண்டா இல்லையா என்று சொல்வது அவன் வேலை.

சோதனைகள் மூன்று. உரைகல்லில் தேய்த்தால் தங்கம் மஞ்சள் கோடு போடும், போலி கறுப்புக் கோடு போடும். சுத்தியலால் தட்டினால் தங்கம் தகடாகும், போலி தூளாகும். நெருப்பில் போட்டால் தங்கம் சும்மா இருக்கும், போலி அழுகிய முட்டைபோல நாறும்.

மூன்றும் தெரிந்தவனுக்கு அந்த நாட்டில் மூன்றுக்கும் வேலை இல்லை. ஏனென்றால் அங்கே கல்லை யாரும் உடைக்கவோ உரசவோ விடமாட்டார்கள். மஞ்சளாய் மின்னும் கல்லை வாங்கி, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கூடத்தில் உட்கார வைப்பார்கள். உடைத்த கல்லில் திருமகள் தங்கமாட்டாள் என்பது அவர்கள் நம்பிக்கை. இதை முதலில் சொன்னவன் கல் விற்கிற சாத்தப்பனின் தகப்பன். இப்போது கோயில் குருக்களும் அதையே சொன்னார்.

உடைத்த கல்லில் இருக்கிற அளவுதான் தங்கம் இருக்கும். உடைக்காத கல்லில் வாங்கினவன் ஆசைப்படும் அளவு இருக்கும். ஆகவே உடைக்காத கல்லுக்கே விலை அதிகம்.

கொற்றனிடம் கல்லோடு வருகிறவர்கள், "கண்ணால் மட்டும் பாரும் ஐயா, கை வைக்காதீர்" என்பார்கள். அவனும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இருக்கலாம்" என்பான். அவர்கள் மகிழ்ந்து போவார்கள். 'நான் பொய் சொல்லவில்லையே, இருக்கலாம் என்றால் இல்லாமலும் இருக்கலாம் என்றுதானே பொருள்' என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். அப்படிச் சொல்லிச் சொல்லியே இருபது வருடம் ஓடிவிட்டது.

ஒருநாள் சாத்தப்பன் பூசணிக்காய் அளவு ஒரு கல்லை அரண்மனைக்குக் கொண்டுவந்தான். "பெரிய ஏரியின் அடியில் கிடைத்தது அரசே. ஏரி முழுக்க இப்படித்தான்" என்றான்.

கல்லைப் பட்டு மெத்தையில் வைத்தார்கள். கொற்றன் குனிந்து பார்த்தான். அந்த மஞ்சள் துகள்கள் ஒவ்வொன்றும் சிறு பகடைக்காய்போல மூலை மூலையாக இருந்தன. தங்கத்துக்கு மூலை கிடையாது. அது போலி என்று அந்தக் கணமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

நிமிர்ந்தான். அரசனின் முகம் மலர்ந்திருந்தது. மந்திரி அதற்குள் ஒரு வாழ்த்துப்பாவில் இரண்டு அடி முடித்திருந்தார்.

"இருக்கலாம் அரசே" என்றான் கொற்றன்.

மூன்றாம் நாள் முரசு அறைந்தார்கள். ஏரிக்கரையை வெட்டித் தண்ணீரை வெளியேற்றி, அடியில் தங்கம் தோண்டப் போகிறார்களாம்.

அந்த ஏரியை நம்பி மூன்று ஊர் வயல்கள் பால் பிடிக்கும் பருவத்தில் நின்றன. கொற்றனின் மனைவி நாச்சி அந்த மூன்று ஊரில் ஓர் ஊர்க்காரி.

"அந்தக் கல்லில் என்ன இருக்கிறது?" என்று கேட்டாள்.

"ஒன்றுமில்லை."

"அதைப் போய் அங்கே சொல்ல வேண்டியதுதானே? சோறு ஆறினால் எனக்குச் சொல்லத் தெரிகிறதே, அதைவிடவா கஷ்டம்?"

"பதவி போய்விடும் நாச்சி."

"பதவியை வடித்து இலையில் போட முடியுமா? போய்ச் சொல்லும்."

கரை வெட்டும் நாள் வந்தது. ஆயிரம் மண்வெட்டிகள் காத்திருந்தன. முதல் வெட்டு அரசனுடையது. கல்லையும் மாலை போட்டுக் கரைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அரசன் மண்வெட்டியைத் தூக்கியபோது கொற்றன் முன்னால் வந்து நின்றான்.

"அரசே, மண்வெட்டிக்கு முன்னால் சுத்தியல். கல்லை உடைத்துப் பாருங்கள்."

"கல்லை உடைத்தால் திருமகள் போய்விடுவாள், தெரியாதா?"

"ஏரியை உடைத்தால் இருப்பாளா அரசே?"

அரசன் மண்வெட்டியைத் தாழ்த்தினான். "நீர்தானே தங்கம் இருக்கலாம் என்றீர்?"

"இல்லை என்று அன்றைக்கே தெரியும். உங்கள் முகத்தைப் பார்த்தேன், சொல்ல வாய் வரவில்லை."

"அன்று பொய் சொன்ன ஆளை இன்று எப்படி நம்புவது?"

இந்தக் கேள்வியைக் கொற்றன் வழியெல்லாம் தன்னைத்தானே கேட்டுக்கொண்டு வந்திருந்தான். "என்னை நம்ப வேண்டாம். உங்கள் மோதிரத்தைக் கழற்றி நீங்களே சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பிறகு அந்தக் கல்லையும் தட்டுங்கள். மோதிரம்போல அதுவும் தட்டையானால் என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றான்.

"அரசே, அபசகுனம்" என்றான் சாத்தப்பன். அவன் மேல்துண்டு வேர்வையில் நனைந்திருந்தது.

அரசன் மோதிரத்தைத் தட்டினான். அது நசுங்கித் தகடாயிற்று. கல்லைத் தட்டினான். மஞ்சள் துகள்கள் பொடிப்பொடியாகி, கறுத்த தூளாய் உதிர்ந்தன. தூளை நெருப்பில் போட்டார்கள். மந்திரி, "என்ன நறுமணம்" என்று தொடங்கி, அரசன் மூக்கைப் பொத்துவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆயிரம் மண்வெட்டிகளும் வீட்டுக்குத் திரும்பின. தண்ணீர் கரைக்குள்ளேயே நின்றது.

பிறகு நடந்ததையும் கேளுங்கள். சாத்தப்பன் பொழுது சாய்வதற்குள் அந்தக் கல்லின் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு அடுத்த நாட்டுக்குப் போய், "கருங்குன்றத்து அரசர் தம் கையால் தொட்ட கல்" என்று கூவி விற்றான். நல்ல விலை போயிற்று. கொற்றனின் பதவி போயிற்று. பொய் சொன்னதற்காகத்தான் நீக்கினேன் என்றான் அரசன். அது நியாயம்தான் என்றே கொற்றனுக்கும் பட்டது. மோதிரம் நசுங்கிய கோபமும் அதில் கொஞ்சம் இருந்திருக்கும்.

நெல் முற்றியதும் கொற்றன் நாச்சியின் ஊருக்கு அறுவடைக்குக் கூலியாளாகப் போனான். காப்பாற்றினாய் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் களத்துக்குச் சொந்தக்காரர் கதிர் அரிவாளைக் கையில் கொடுக்கும்போதே தாழ்ந்த குரலில் ஒன்று சொன்னார்: "வேலை முடிந்தால் தின்ன வெல்லம் தருகிறேன். எங்கள் கூடத்துக் கல்லை மட்டும் எட்டிப் பார்த்துவிடாதேயும்."

கொற்றன் தலையாட்டிவிட்டு வயலில் இறங்கினான்.

உண்மை தெரிந்தவன் மழுப்பினால், ஊருக்கு அவன் செய்யும் கேடு பொய்யன் செய்யும் கேட்டைவிடப் பெரிது.