முதல் மோர் யாருக்கு?

குளத்தங்கரை மருத மரத்தடியில் ஒரு கரடி சாப்பாட்டுக் கடை வைத்திருந்தது. அங்கே பந்தி பரிமாறியது ஒரு மலையணில். பேர் கிட்டான். வாலைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு, இரண்டு கையிலும் வாளியோடு அது ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தாலே நமக்குப் பசிக்கும்.

அந்தக் கடைக்குப் புல் தின்பவரும் வருவார்கள், கறி தின்பவரும் வருவார்கள். மர நிழலுக்குள் யாரும் யாரையும் தொடக்கூடாது என்பது கட்டுப்பாடு. நிழலைத் தாண்டிவிட்டால் அவரவர் பாடு.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. காட்டெருமை கொடுக்கிற மோரைக் குடிக்காமல் யாரும் பந்தியைவிட்டு எழக்கூடாது. கிட்டானின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான் இருந்தது. முதல் மோரை அது சருகுமானுக்கும் முயலுக்கும் ஊற்றும். அவர்கள் குடித்து, இலையை மடித்து, ஓடையைத் தாண்டி மறைந்த பிறகுதான் மோர்ப் பானை சிறுத்தையின் பக்கம் நகரும். சிறுத்தை அவசரப்படுத்தினால், "இதோ வந்துட்டேன் அண்ணாச்சி!" என்று சொல்லிக்கொண்டே எதிர்ப்பக்கம் ஓடிவிடும்.

கரடி முதலாளி கிட்டானுக்குச் சோறு போடும். சம்பளம் என்று ஒரு பருப்பும் கொடுக்காது. சாப்பிட்டவர்கள் மடித்த இலைக்கடியில் வைத்துவிட்டுப் போகிற இனாம்தான் அதன் வரும்படி. நம் ஓட்டல்களில் டிப்ஸ் என்கிறோமே, அதேதான். முயல் ஒரு கடலை வைக்கும். பன்றி ஒரு துண்டுக் கிழங்கு வைக்கும். பல நாள் மறந்ததுபோல் நடந்துவிடும். சருகுமான் தினமும் ஒரே ஒரு நெல்லிக்காய் வைக்கும். முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிய அந்த மானுக்குப் புதரில் ஒரு குட்டி இருந்தது. இலையில் விழுந்ததில் பாதியை அந்தக் குட்டிக்குக் கட்டிக்கொண்டு போகும்.

மழைக்காலம் நெருங்கியது. கிட்டானுக்கும் கூட்டில் மூன்று குட்டிகள். சேமிப்போ பாதிகூடத் தேறவில்லை.

அந்தச் சமயம் பார்த்துச் சிறுத்தை தன் இலைக்கடியில் ஐந்து பலாக்கொட்டை வைத்துவிட்டுப் போனது.

"அண்ணாச்சி, தவறுதலா வச்சுட்டீங்க போல!" என்று கிட்டான் ஓடிப்போய்ச் சொன்னது.

"தவறு என்ன தம்பி? நீ பரிமாறுற அழகுக்கு இதுவே கம்மி!" என்றது சிறுத்தை.

மறுநாள் பத்துக் கொட்டை. அடுத்த நாள் தேனடை. நாலாம் நாள் கிட்டான் வீட்டுக்குப் போனால், கூட்டுக்குக் கீழே மரக்கவட்டில் ஒரு முழுப் பலாப்பழம் பிளந்து கிடந்தது. குட்டிகள் மூன்றும் வாயெல்லாம் சாறு வழியத் தின்றுகொண்டிருந்தன.

"யாரு கொண்டாந்தது?"

"ஒரு மாமா! மேலெல்லாம் புள்ளி புள்ளியா இருந்துச்சு!" என்றது கடைக்குட்டி.

கிட்டானுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பலாச்சுளை இனித்தது. இனிப்பு உள்ளே போனால் யோசனை வெளியே போய்விடும் அல்லவா? கிட்டானும் அப்படித்தான் ஆனது. அன்றுமுதல் மீன் குழம்பில் நடுத்துண்டு சிறுத்தைக்கே விழுந்தது. சருகுமான் இலைக்கு அடிச்சட்டிக் காந்தல் போனது. அப்போதும் மான் நெல்லிக்காயை நிறுத்தவில்லை.

ஏழாம் நாள், பந்தி உட்காரும் முன் சிறுத்தை கிட்டானைத் தனியாகக் கூப்பிட்டது.

"தம்பி, ஒரு சின்ன உதவி. இன்னைக்கு முதல் மோரை எனக்கு ஊத்து. சருகுமானுக்குக் கடைசியா ஊத்து. அவ்வளவுதான்!"

கிட்டானுக்குச் சூழ்ச்சி புரிந்துவிட்டது. முதலில் எழும் சிறுத்தை ஓடைக்கரைப் புதரில் போய்ப் படுத்துக்கொள்ளும். கடைசியில் எழும் மான் தனியாக அந்த வழியே வரும்.

"அண்ணாச்சி, அது வழக்கமில்லீங்களே..."

"பலாப்பழத்த வீட்டுல கொண்டாந்து வைக்கிறது மட்டும் வழக்கமா?"

"வேணும்னா அதையெல்லாம் திருப்பிக் குடுத்துடறேன்!"

சிறுத்தை மெல்லச் சிரித்தது. "தின்னத எப்படித் திருப்புவே? இலுப்பை மரம், மூணாவது கவடு. வழி எனக்கு நல்லாத் தெரியும் தம்பி. மரம் ஏறவும் தெரியும்!"

பந்தி உட்கார்ந்தது. சோறு போனது, குழம்பு போனது, ரசம் போனது. எத்தனை இலைக்கு என்ன போட்டோம் என்றே கிட்டானுக்குத் தெரியவில்லை. முயல், "எனக்கு மீன் குழம்பா?" என்று அலறிய பிறகுதான் அதற்கு நிதானம் வந்தது. அந்தக் கோடியில் சிறுத்தை சாப்பிட்டு முடித்துவிட்டு, நகத்தால் இலையைக் கீறிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் கண் கிட்டானை விடவே இல்லை.

இனி மோர்தான் பாக்கி.

கிட்டான் பானையைத் தூக்கியது. முதல் மோரை மானுக்கு ஊற்றினால் மான் பிழைக்கும், தன் குட்டிகள்? சிறுத்தைக்கு ஊற்றினால் குட்டிகள் பிழைக்கும், மானின் குட்டி? கால் நகரவில்லை. பிறகு சிறுத்தையின் பக்கமே நகர்ந்தது. ஒரு இலை தாண்டியது. இரண்டு இலை தாண்டியது. மூன்றாவது இலை சருகுமானுடையது.

மான் பாதிச் சோற்றைப் பொட்டலம் கட்டி முடித்திருந்தது. இலை ஓரத்தில் நெல்லிக்காய் தயாராக இருந்தது.

"அண்ணே, முகமெல்லாம் வெளிறிக் கெடக்கே! உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டது. "உட்காருங்க அண்ணே. மோரை நானே எல்லாருக்கும் ஊத்தறேன்!"

காந்தல் சோற்றுக்கும் நெல்லிக்காய் வைத்தவள், இப்போது தன் சாவைத் தானே ஊற்றிக்கொடுக்க நிற்கிறாள்! கிட்டான் பானையை நங்கென்று தரையில் வைத்தது.

"எல்லாரும் கேளுங்க!" என்று அது கத்திய கத்தலில் குளத்துக் கொக்குகள் எழும்பிப் பறந்தன. "சிறுத்தை அண்ணாச்சி எனக்குப் பலாக்கொட்டை குடுத்தாரு, தேனடை குடுத்தாரு, முழுப் பலாப்பழம் குடுத்தாரு! நானும் வாங்கித் தின்னேன்! அதுக்குப் பதிலா இன்னைக்கு முதல் மோர் அவருக்கு வேணுமாம்! சருகுமானுக்குக் கடைசி மோராம்!"

பந்தியில் ஒரு வாய்கூட மெல்லவில்லை. முதல் மோர் யாருக்கு, ஏன் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். தினமும் அதனால் பிழைத்தவர்கள்தானே! சருகுமான் பொட்டலத்தை மார்போடு இறுக்கிக்கொண்டது.

"நன்றி கெட்டவனே!" என்று சிறுத்தை சீறியது. "உன் கூடு எங்கே இருக்குன்னு மறந்துட்டியா?"

"அவன் கூட்டுக்கு என்ன?" என்று ஒரு கனத்த குரல் கேட்டது.

கடைக்கு மோர் கொடுக்கிற காட்டெருமை அது. எழுந்து நின்றதும் பாதிப் பந்திக்கு வெளிச்சம் மறைந்தது.

"என் பாலைக் கடைஞ்ச மோரை வச்சு ஒரு உயிரை எடுக்கப் பாத்தியா? அவன் புள்ளைங்களையும் மிரட்டுறியா?" காட்டெருமை கொம்பைத் தாழ்த்தியது. "மழை முடியற வரைக்கும் எங்க கூட்டம் இலுப்பை மரத்தடியிலதான் படுக்கும். வா, வந்து ஏறிப் பாரு!"

பன்றியும் எழுந்தது. இனாம் வைக்க மறந்தாலும் இதை அது மறக்கவில்லை. சிறுத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. எல்லாரும் நின்றார்கள். மோர் குடிக்காமலே அது நிழலைத் தாண்டிப் போனது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை.

அன்றும் முதல் மோர் சருகுமானுக்குத்தான் விழுந்தது. காட்டெருமையே ஓடை தாண்டும் வரை கூடப் போனது.

கரடி முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு வந்தது. "ஏன்டா, வீட்டுல தட்டுப்பாடுன்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா முதலாளி?"

மறுநாள் காலையில் கரடி ஒரு படி கடலையை அளந்து, "இது தினச் சம்பளம்" என்று கிட்டானின் முன்னால் வைத்தது. இனிமேல் இனாம் வைப்பவர்கள் இலைக்கு மேலே, நாலு பேர் பார்க்க வைக்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டது.

கிட்டான் மிச்சமிருந்த பலாக்கொட்டைகளைக் குளத்தில் கொட்டியது. சருகுமான் வைத்த நெல்லிக்காயை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய், மூன்றாகக் கடித்து, குட்டிகளுக்குக் கொடுத்தது.

வேலையை மெச்சிக் கொடுக்கிற இனாம் இலையோடு முடிந்துவிடும். அளவுக்கு மீறிக் கொடுக்கிற இனாமோ, திரும்ப வசூலிக்க வீடு வரை வரும்.