கையில் போட்ட மேக்கப்

கேட்டீர்களா சங்கதியை? சிறந்த ஒப்பனைக்கான விருது மேக்கப்மேன் கஜபதிக்காம்! படத்தில் அத்தனை முகங்களுக்கும் மேக்கப் போட்டவள் அவருடைய உதவியாளர் அமலோற்பவம்.

விழாவன்று கஜபதி அவளிடம் கையை நீட்டினார். "மேடையில பார்த்தா ராப்பகலா உழைச்சவன் கைன்னு தெரியணும். முடியுமா?"

"அதுக்கென்ன சார், என் கையப் பார்த்தே போட்டுடறேன்."

தாடி ஒட்டும் பசை அரித்துப் புண்ணான தன் விரல்களைப் போலவே அவர் விரல்களிலும் புண் வரைந்தாள். சாயம் பிறர் மேல் ஒட்டாமலிருக்க மேலே பூசும் பவுடரை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டாள்.

மேடையில் நடிகை ஒருவர் கைகுலுக்கினார். புண் மொத்தமும் நடிகையின் கைக்கு வந்துவிட்டது. அரங்கமே திகைத்தது. 'மாட்டினார் மனுஷன்' என்று நினைத்தாள் அமலோற்பவம்.

கஜபதி அசரவில்லை. "பார்த்தீங்களா, இதுவும் என் மேக்கப்தான்!" கைதட்டல் காதைப் பிளந்தது.

அமலோற்பவம் தன் விரலைத் தேய்த்துப் பார்த்தாள். புண் போகவில்லை.