வானொலிக் கோளைக் கூப்பிட்டவர்

"அம்மா, ராக்கெட் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது. என் பிள்ளைதான் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது" என்றார் திருமேனி.

பிள்ளை என்று அவர் சொன்னது ஒரு வானொலிச் செயற்கைக்கோளை. அந்த ராக்கெட் மேலே கொண்டுபோய் விட்டது; நாடு முழுக்கப் பாட்டும் விளம்பரமுமாக ஒலிபரப்ப வேண்டிய கோள். பாவி மனுஷன், கல்யாணம் கருமாதி என்று எங்கும் போகாமல் அதைச் செய்தார்.

அவர் அம்மா என்று கூப்பிட்ட மங்கையற்கரசி அம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். அதனால் என்ன, குரு குருதானே.

"மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டார்.

"அவர்களுக்கென்ன! ராக்கெட் நின்ற வாக்கில் வந்து இறங்கியதும் குதித்தார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அதைத் துடைத்து அடுத்த பயணத்துக்குத் தயார் செய்தாயிற்று. 'விடுங்க சார், இன்னொரு கோள் செஞ்சு ஏத்திடலாம்' என்கிறார்கள். வயிறு எரிகிறது அம்மா."

"சரி."

"நாளையோடு கூப்பிடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டது கம்பெனி. இன்னும் கொஞ்ச நாள் கொடுங்கள் என்று காலில் விழட்டுமா?"

"கூப்பிட்டு என்ன சொல்வீர்கள்?"

"இறக்கையை விரி. சூரியன் பக்கம் திரும்பு. பேசு. ஒன்று போனதும் அடுத்தது, அது போனதும் அடுத்தது."

"அது பேச எப்போது இடம் விடுவீர்கள்?"

திருமேனிக்குச் சுருக்கென்றது. கட்டளை அனுப்பினால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அவர் தொழிலில் அது முதல் பாடம்.

"விடுவதில்லை" என்றார்.

அம்மை எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

கோளுக்குக் கட்டளை அனுப்பும் தரை நிலையத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். கோள் அடிவானத்துக்கு மேலே ஏறியது. திருமேனியின் கை தன் பாட்டுக்கு விசைப்பலகைக்குப் போனது. அம்மை அதை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

ஒலிபெருக்கியில் வெறும் இரைச்சல்.

"விடுங்கள் அம்மா, கூப்பிடுகிறேன்."

அம்மை விடவில்லை.

"விடுங்கள் என்கிறேன்!"

இரைச்சல். வேறொன்றும் இல்லை.

"இதைக் கேட்கக் கூடாது என்றுதான் அம்மா நான்..."

முடிக்க முடியவில்லை. வாய்விட்டு அழுதார் திருமேனி. அம்மை தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை.

கோள் மேற்கே இறங்க ஆரம்பித்தது. அம்மை கையை விட்டார்.

"இப்போது கூப்பிடுங்கள்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கட்டளை அனுப்பினார் திருமேனி. எல்லாவற்றையும் அணைத்துவிடு.

"பதில் எப்போது வரும்?" என்று கேட்டார் அம்மை.

"இந்தக் கட்டளைக்குப் பதில் கிடையாது அம்மா."