மணம் போனவளின் காபி

“எனக்கு மணம் தெரியாது. ஆனா காபி போடக் கத்துக்கணும்” என்றாள் தமயந்தி.

நாச்சியார் கழுவிய கோப்பையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தவில்லை.

“பிறவியிலேயே தெரியாதா?”

“இல்லைங்க. ஒரு காய்ச்சல் வந்துச்சு. காய்ச்சல் போயிடுச்சு. மூக்கு திரும்பி வரல.”

“டாக்டர் என்ன சொல்றார்?”

“வந்தாலும் வருமாம். வராமலும் போகுமாம்.”

நாச்சியார் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

“காபியில பெரும்பங்கு மணம்தாங்கம்மா. அதை எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது கசப்பும் சுடுதண்ணியும்.”

“தெரியும். தினம் அதைத்தான் குடிக்கிறேன்.”

அப்போதுதான் நாச்சியார் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

ஏற்காட்டில், காபித் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது அந்த ஓட்டு வீடு. நாச்சியாருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. ஆனால் வீட்டில், கெட்டிக் காபியை அழுத்தத்தில் இறக்கும் எஸ்பிரஸோ மெஷின் வாங்கி வைத்துக்கொண்டு சரியாகப் போடத் தெரியாமல் தவிப்பவர்கள், தலை நரைத்தவர்கள்கூட, அவளைத் தேடி மலையேறி வந்தார்கள்.

அவள் பாடம் நடத்தமாட்டாள். போடச் சொல்வாள். போட்டது சரியில்லை என்றால் ஒரு வார்த்தை பேசாமல் தொட்டியில் ஊற்றிவிடுவாள். எங்கே தப்பு என்று போட்டவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த வீட்டில் பால் கிடையாது. சர்க்கரையும் கிடையாது. யாராவது கேட்டால், “கொட்டைக்குள்ள இல்லாதது கோப்பைக்குள்ள எதுக்கு?” என்பாள். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

தமயந்தி சேலத்துக்காரி. மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். ஓய்வுபெற்ற கையோடு தனக்கென்று அவள் வாங்கிக்கொண்ட ஒரே பொருள் அந்த மெஷின். பெங்களூரில் ஒரு கடையில் எஸ்பிரஸோ குடித்த அன்றைக்கே பிடித்த ஆசை அது. மெஷின் வீட்டுக்கு வந்தது. அதில் போட்ட காபியின் மணம் வீட்டில் சரியாகப் பரவுவதற்குள் காய்ச்சலும் வந்தது.

அதன்பிறகு சாம்பார் சூடான தண்ணீராயிற்று. மாம்பழம் ஈரப் பஞ்சாயிற்று. உடம்பு இளைத்து ரவிக்கைகள் தளர்ந்தன. பசித்தால் சாப்பிட்டாள், அவ்வளவுதான்.

ஒருநாள் பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. தமயந்தி பக்கத்திலேயே, அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேஸ் வாடை அவளுக்குத் தெரியவில்லை. வெளியே போயிருந்த கணவர் சபாபதி கதவைத் திறந்ததும் ஓடிவந்து குமிழைத் திருகினார். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நான் வர்றதுக்குள்ள நீ ஒரு தீக்குச்சியைக் கிழிச்சிருந்தா?”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

அன்றிலிருந்து சமையலுக்கு ஆள் வைத்தார். தமயந்திக்குச் சமையலறை இல்லையென்று ஆயிற்று. மெஷினையும் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார்.

அவர் அப்படிச் சொன்னதற்கு மறுநாள் காலையில்தான் அவள் மலைக்குப் பஸ் ஏறினாள்.

நாச்சியார் ஒரு சிறிய கோப்பையில் எஸ்பிரஸோ இறக்கித் தந்தாள்.

“குடிச்சுட்டுச் சொல்லுங்க.”

தமயந்தி குடித்தாள். “மணம் இல்லை.”

நாச்சியார் கோப்பையை வாங்கி மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றினாள். வேறு கொட்டையை அரைத்து இன்னொரு கோப்பை தந்தாள்.

“இதுலயும் மணம் இல்லை.”

அதுவும் தொட்டிக்குப் போயிற்று.

அன்று கற்றுக்கொள்ள வந்தவர்களில் பிரவாகன் என்றொருவர் இருந்தார். கோவையில் பட்டறை வைத்திருப்பவர். அவர் மெதுவாகச் சொன்னார், “அம்மா, உங்களுக்கே கஷ்டம். எதுக்கு இது?”

“கஷ்டம் எனக்குத்தானே” என்றாள் தமயந்தி.

மூன்றாவது கோப்பை வந்தது. வாயில் வைத்தாள். அவளுக்கு ஆத்திரம் மூண்டது.

“நான்தான் சொல்றேனே, தெரியலைன்னு. திரும்பத் திரும்பக் குடுத்தா?”

தொட்டி.

“இப்படி ஊத்துறதுக்கு எதுக்குப் போடணும்?”

நாச்சியார் அடுத்ததை நீட்டினாள். தமயந்தி பிடுங்காத குறையாக வாங்கினாள்.

“கசக்குது. சுடுது. நாக்கோட ஓரத்துல கொஞ்சம் புளிக்குது. கெட்டியா இருக்கு, நாக்குல ஒட்டுது. போதுமா?”

இந்தமுறை கோப்பையை வாங்கி ஊற்ற நாச்சியார் கையை நீட்டவில்லை.

தமயந்தி காத்திருந்தாள். கோப்பை அவள் கையிலேயே இருந்தது. மிச்சத்தையும் குடித்து முடித்தாள்.

“வீட்டுக்குப் போங்கம்மா” என்றாள் நாச்சியார். “இனி என்கிட்ட உங்களுக்குக் குடுக்க ஒண்ணும் இல்லை.”

“விரட்டுறீங்களா?”

நாச்சியார் மெஷினைத் துடைக்கத் தொடங்கியிருந்தாள்.

மலையிறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றிலும் தமயந்தியின் கோபம் ஒரு சுற்று ஏறியது. மணம் தெரியாதவளுக்கு அங்கே இடம் இல்லை. சொந்தச் சமையலறையிலும் இடம் இல்லை. பிறகு எங்கேதான் இருப்பது?

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குள் போனாள்.

சபாபதி பேப்பரை மடித்துவிட்டுப் பின்னாலேயே வந்தார். “தமயந்தி. வேண்டாம்.”

“மெஷின் கரண்ட்ல ஓடுது. கேஸ் இல்லை.”

“நாளைக்கு மறந்துபோய் அடுப்பைப் பத்தவைப்ப.”

“பத்தவைப்பேன்தான். கேஸ் கசிஞ்சா கத்துற கருவி ஒண்ணு விக்குது. அதை வாங்கி மாட்டுங்க. இல்லைன்னா நான் மாட்டுறேன். என் மூக்குக்குப் பதிலா அது இருக்கட்டும். அதுக்காக நான் கூடத்துல பொம்மையாட்டம் உக்காந்திருக்க முடியாது.”

“உன் நல்லதுக்குத்தானே...”

“எனக்குத் தெரியும். நகருங்க.”

அவர் நகரவில்லை. அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

கொட்டையை அரைத்தாள். வடிகட்டியில் நிரப்பி அழுத்தினாள். எஸ்பிரஸோ கறுப்பாக, தேன்போல நூலிழுத்து இறங்கியது. அதைக் கண்ணால் பார்த்தாள். தடையில்லாமல் இறங்குகிறதா என்று காதால் கேட்டாள்.

சர்க்கரை கூடாதாமே அந்த வீட்டில்.

வீம்புக்குத்தான் கருப்பட்டியை எடுத்தாள். ஒரு துண்டைத் தட்டி, மெஷினில் வரும் வெந்நீரிலேயே கரைத்து, அதன்மேல் எஸ்பிரஸோவை ஊற்றிக் குடித்தாள்.

கசப்பு தெரிந்தது. இனிப்பும் தெரிந்தது. இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன.

தமயந்தி கோப்பையைக் கீழே வைத்தாள். அலமாரியில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கினாள்.

“என்ன தேடுற?” என்றார் சபாபதி.

“பேசாம இருங்க.”

சீரகத்தை மென்றாள். மணல். பட்டையைக் கடித்தாள். மரத்துண்டு. ஏலக்காய் எங்கோ தொலைவில் கொஞ்சம் குளிர்ந்தது. கிராம்பு பட்ட இடத்தில் நாக்கு மரத்துப்போனது.

பிறகு மிளகு.

பல்லில் உடைந்ததும் ஒன்றும் இல்லை. அடுத்த மூச்சில் நாக்கு எரிந்தது. தொண்டை எரிந்தது. அந்த எரிச்சல் அங்கேயே நிற்காமல் மேலே ஏறியது. மூக்கின் உள்ளே, காய்ச்சல் போன நாளிலிருந்து எதுவும் எட்டாத இடத்தில், சுள்ளென்று ஏறி உட்கார்ந்தது.

அவளுக்குக் கண்ணில் நீர் கொட்டியது. மூக்கும் ஒழுகியது.

சபாபதி பதறிப்போனார். “என்ன ஆச்சு? தண்ணி குடி.”

“வேண்டாம்” என்றாள். அந்த எரிச்சலைத் தண்ணீரால் அணைத்துவிட அவளுக்கு மனமில்லை.

அன்றிலிருந்து தினமும் அவள் சமையலறையில்தான் இருந்தாள். சபாபதி ஒருநாள் அந்தக் கருவியை வாங்கிவந்து சிலிண்டருக்குப் பக்கத்தில் மாட்டினார். சிகரெட் லைட்டரைப் பற்றவைக்காமல் அதனருகே அழுத்திப் பிடித்து லேசாகக் கேஸ் காட்டினார். அது வீடே அதிரக் கத்தியது. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

“காதாவது நல்லா கேக்குதே” என்றார் அவர்.

காபி உடனே கைவந்துவிடவில்லை. முதலில் மிளகு எல்லாவற்றையும் தின்றுவிட்டது. மிளகைக் குறைத்தால் கருப்பட்டி மற்றதை மூழ்கடித்தது. கருப்பட்டியைக் குறைத்தால் பழையபடி வெறும் கசப்பு. தொண்டைக்குச் சூடு வேண்டுமென்று சுக்கைச் சேர்த்தாள். மிளகு மூக்குக்கு ஏறியது, சுக்கு நெஞ்சுக்கு இறங்கியது. ஒரே ஒரு கிராம்பை நசுக்கிப் போட்டதில் நாக்கு நுனி லேசாக மரத்து, அதன்பின் வரும் கசப்பு மெல்லியதாயிற்று. கடைசியில் ஒரு சிட்டிகை உப்பு. அது விழுந்ததும் இனிப்பு நிமிர்ந்து நின்றது.

சரியில்லாததை அவளே தொட்டியில் ஊற்றினாள்.

ஒரு காலையில் போட்ட கோப்பையை ஊற்றத் தோன்றவில்லை. முழுக்கக் குடித்தாள். நாக்கில் கசந்து, இனித்து, மூக்கில் எரிந்து, நெஞ்சில் இறங்கிச் சூடாக இருந்தது. அதைக் குடித்தபின் அவளுக்குப் பசித்தது. இட்லி கேட்டாள்.

சபாபதி அந்தக் காபியில் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“இது காபியா, கஷாயமா?”

“உங்களுக்குக் கஷாயம்” என்றாள். “எனக்குக் காபி.”

மறுபடி மலையேறினாள். கையில் ஒரு துணிப்பை.

நாச்சியாரின் வீட்டில் பிரவாகனும் இன்னும் சிலரும் மெஷினைச் சுற்றி நின்றிருந்தார்கள். தமயந்தி யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பையிலிருந்து கருப்பட்டித் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். சுக்குப்பொடி, மிளகு, கிராம்பு, உப்பு.

மெஷினைச் சுற்றி நின்றவர்கள் மேசையை எட்டிப் பார்த்தார்கள்.

பிரவாகன்தான் முதலில் வாயைத் திறந்தார். “அம்மா, இந்த வீட்டு வழக்கம் தெரியும்ல உங்களுக்கு?”

“தெரியும்.”

“அப்புறம்?”

“எனக்கு இது வேணும்.”

அவர் நாச்சியாரைப் பார்த்தார். நாச்சியார் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தடுக்கவும் இல்லை, தலையசைக்கவும் இல்லை.

தமயந்தி கருப்பட்டியை அம்மிக்குழவி இல்லாததால் கரண்டியின் பின்பக்கத்தால் தட்டினாள். சர்க்கரையே விழுந்தறியாத கோப்பைக்குள் அது விழுந்தது. வெந்நீர் விட்டுக் கரைத்தாள். சுக்கு. மிளகை அங்கேயே நசுக்கினாள். கிராம்பு. உப்பு. வடிகட்டியில் காபித்தூளை நிரப்பி அழுத்தி மெஷினை இயக்கினாள். குனிந்து, காதைக் கொடுத்துக் கேட்டாள். எஸ்பிரஸோ கருப்பட்டிப் பாகின்மேல் கறுப்பாக இறங்கியது.

பக்கத்தில் நின்ற ஒருவர் தும்மினார். இன்னொருவர், “என்ன வாசனைங்க இது” என்று மூக்கைச் சுருக்கினார். நல்லதைச் சொன்னாரா கெட்டதைச் சொன்னாரா என்று தமயந்திக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நின்றபடியே குடித்தாள். அத்தனை பேர் பார்க்க மூக்கு ஒழுகியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி குடித்தாள். கடைசிச் சொட்டுவரை குடித்தாள். கோப்பையை நாச்சியாருக்கு முன்னால் மேசையில் வைத்தாள்.

நாச்சியார் காலிக் கோப்பையைப் பார்த்தாள்.

“என்ன இருந்துச்சு?”

“எல்லாம் இருந்துச்சு.”

“எனக்கு வைக்கலையா?”

“இது உங்களுக்குப் போட்டதில்லைங்க.”

“ஏன்?”

“உங்களுக்கு மூக்கு இருக்கு.”

பிரவாகன் தலை குனிந்துகொண்டார். வெளியே தோட்டத்தில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.

நாச்சியார் சுவரைவிட்டு நகர்ந்து வந்தாள். தமயந்திக்கு எதிரே இருந்த பலகையில், கற்றுக்கொள்ள வருபவர்கள் உட்காரும் இடத்தில், உட்கார்ந்தாள். இடது கையின் இரண்டு விரல்களால் தன் மூக்கை இறுக்கப் பிடித்துக்கொண்டாள். வலது கையை நீட்டினாள்.

“இப்பக் குடுங்க” என்றாள். குரல் அடைத்துக்கொண்டு வந்தது.

தமயந்தி இன்னொரு கோப்பை போட்டாள். மிளகைக் குறைக்கவில்லை.